வகுத்துப் பார்க்காமலே பகா எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் ட்யூஷனில் அடிக்கடி கேட்பது: "சார், நாலு கோடி இலக்கம் இருக்கிற எண்ணைப் பகா எண்ணுன்னு எப்படிச் சொல்றாங்க? எதால வகுத்துப் பார்ப்பாங்க?"

பிள்ளைகள் கேட்பது, 2024 அக்டோபரில் அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டூரண்ட் கண்டுபிடித்த எண்ணைப் பற்றி. 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது, 4,10,24,320 இலக்கங்கள். இந்த மாதிரி எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். இதைப் பகா எண் என்று உறுதிசெய்த லூகாஸ்–லெமர் சோதனையை ஒரு நோட்டுத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் சின்னதாக ஒன்று: 2⁷ − 1 = 127. அடுக்கு, அதாவது 7, 2-ஐ விடப் பெரிய பகா எண்ணாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89 ஆகிவிடுகிறது. அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

அடுத்து, 4 என்று எழுதுங்கள். அதை வர்க்கமாக்கி 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதிக்கும் அதையே செய்யுங்கள். அடுக்கில் 2 குறைத்தால் எவ்வளவோ அத்தனை முறை, இங்கே 5. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

4 → 14 → 194. இந்த இடத்தில் நிதானமாகப் பாருங்கள். 127-ஆல் வகுக்கவே வேண்டாம். 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியென்றால் 194-இல் இருக்கும் ஒரு 128-க்கு 1, மிச்சம் 66, கூட்டினால் 67. முடிந்தது.

67² − 2 = 4487. இதில் 128 முப்பத்தைந்து முறை, மிச்சம் 7: 35 + 7 = 42.
42² − 2 = 1762. 13 + 98 = 111.
111² − 2 = 12319. 96 + 31 = 127, அதாவது மீதி 0.

சரி, 127 பகா எண்தான்!

கம்ப்யூட்டருக்கு இது இன்னும் லேசு. 0, 1 மட்டும் வைத்து எழுதும் இரும முறையில் 128-ஆல் வகுப்பது என்றால் கடைசி ஏழு இலக்கங்களை வெட்டித் தனியே வைப்பதுதான். வெட்டிய இரண்டு துண்டுகளையும் கூட்டினால் போதும். மிகப் பெரிய பகா எண்களைத் தேடுபவர்கள் மெர்சென் எண்களையே சுற்றிவருவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சோதனைதான். கம்ப்யூட்டர் இல்லாத 1876-லேயே, இதன் மூல வடிவத்தை வைத்து பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் லூகாஸ் 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று கையாலேயே நிறுவினார்.

2047-ஐயும் போட்டுப் பாருங்கள். ஒன்பதாவது முறை 1736 வரும், 0 அல்ல. 23, 89 இரண்டையும் தேடாமலே அது பகா எண் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இதுதான். அப்புறம் 8191-ஐ எடுங்கள்: அடுக்கு 13, பதினொரு முறை, வெட்டுவது 8192-இல். செல்போன் கால்குலேட்டரே போதும்.