ஆஸ்பத்திரில இருந்து அம்மா வீட்டுக்கு வந்த அன்னிக்கே பண்ண வேண்டியது

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் வயசானவங்கள டிஸ்சார்ஜ் பண்ணி கூட்டிட்டு வர்றவங்க எல்லாருக்கும் சொல்றேன், வந்ததும் முதல்ல வீட்ல இருக்கிற பழைய மருந்தை எல்லாம் எடுத்து மேசைல கொட்டுங்க. எங்கம்மா பழைய மைலோ டின்ல போட்டு வச்சிருந்தாங்க, அதுல ஒரு அட்டைல நோர்வாஸ்க்னு இருந்துச்சு, ஆஸ்பத்திரில குடுத்த புது பாக்கெட்ல அம்லோடிபின்னு இருந்துச்சு, ரெண்டும் ஒரே பிரஷர் மருந்துதான், ஆனா பேரும் கலரும் வேறன்னு அம்மா ரெண்டு நாளா ரெண்டையும் சேத்து முழுங்கிட்டாங்க, காலைல எந்திரிச்சா ஒரே தலைசுத்தல். நல்லவேளை கீழ விழல.

அதனால பழசு புதுசு ரெண்டையும் ஒரே பையில போட்டு கிளினிக் ஃபார்மசில காட்டி எதை நிறுத்தணும்னு கேட்டுருங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. லேபிள்ல மலாய்லதான் இருக்கும், செபெலும் மாக்கான்னா சாப்பாட்டுக்கு முன்னாடி, செலெபாஸ் மாக்கான்னா பின்னாடி, இதை தமிழ்ல பெருசா எழுதி ஒட்டிருங்க, நாம ரப்பர் மரத்துல பால் வெட்டப் போன நேரத்துல அவங்களே பாத்து சாப்பிடுவாங்க. நான் காலைக்கு சூரியன், ராத்திரிக்கு நிலான்னு வரைஞ்சு வச்சேன், எழுத்து தெரியாத பாட்டிக்கு கூட புரியும்.

அப்புறம் படுக்கைல இருந்து டக்குனு எந்திரிக்க விடாதீங்க, ஓரமா ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு எந்திரிக்கட்டும். அடுத்த செக்கப் தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருங்க.