மண்ணு கிரவுண்டுல கலக்குற பவுலர் பையன் லெதர் பாலுக்கு தேறுவானா? பாக்குற விதம்

சேலம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் "எங்க ஊர்லயும் ஒரு நடராஜன் இருக்கான்"னு ஒருத்தராவது சொல்லிடுவாங்க. சொல்லாம எப்படி இருப்பாங்க, சின்னப்பம்பட்டில டென்னிஸ் பால் போட்டுட்டு இருந்தவரு 2020 ஐபிஎல்ல யார்க்கரா, அதாவது பேட்ஸ்மேன் கால் கிட்டயே குத்துற பாலா, இறக்கிட்டு, அடுத்து போன ஆஸ்திரேலியா டூர்ல மூணு ஃபார்மட்லயும் இந்தியாவுக்கு ஆடிட்டாரே. அதுக்காக ஞாயித்துக்கிழமை டோர்னமெண்ட்ல நாலு விக்கெட் எடுத்தான்னு உங்க பையனை உடனே மெட்ராசுக்கு பஸ் ஏத்திடாதீங்க.

விக்கெட் கணக்கை விடுங்க, சின்ன மேட்ச்ல எல்லாரும் காட்டடி தான், ஃபுல் டாஸ்க்கு கூட விக்கெட் விழும். காலைப் பாருங்க. மண்ணு கிரவுண்டுன்னா ரொம்ப வசதி, ஓவர் முடிஞ்சதும் சும்மா நடக்குற மாதிரி போய் முன்னங்கால் தடத்தைப் பாருங்க, ஆறு பாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல மிதிச்சிருந்தா அவன்கிட்ட சரக்கு இருக்கு, தடம் அங்கங்க சிதறிக் கிடந்தா ரன்-அப்பே இன்னும் செட் ஆகலன்னு அர்த்தம், வேகத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

அடுத்து கை. டென்னிஸ் பால்ல மாங்கா அடிச்சே, அதாவது முழங்கையை மடக்கி எறிஞ்சே, ஸ்பீடு காட்டுற பசங்க நிறைய பேர். முழங்கை 15 டிகிரி வரைக்கும் நிமிரலாம்னு தான் ரூல், வெறும் கண்ணுக்கு அது தெரியாது, போன்ல ஸ்லோ மோஷன் போட்டு சைடுல ஒண்ணு பின்னாடி ஒண்ணு எடுங்க. நடராஜனுக்கே 2015 ரஞ்சி சீசன்ல ஆக்‌ஷன்ல டவுட்டுன்னு ரிப்போர்ட் போயி, மாத்திட்டு தான் திரும்ப வந்தாரு. சின்ன வயசுலயே கண்டுபிடிச்சா அந்த அலைச்சல் மிச்சம்.

அப்புறம் லெதர் பாலைக் குடுங்க. அது 156லேருந்து 163 கிராம், டென்னிஸ் பால் அதுல பாதி கூட கிடையாது. நெட்ல ஆறு ஓவர் போடச் சொல்லி கடைசி ஓவரை மட்டும் கவனமா பாருங்க, தோள் தொங்குதா, பாலோட தையல், அதான் சீம், நேரா போகுதா. நம்ம பசங்க அடிக்கு பயந்து யார்க்கர் மட்டும் பழகி வச்சிருப்பாங்க, குட் லெங்த்ல, அதாவது பேட்ஸ்மேன் முன்னாடி போறதா பின்னாடி போறதான்னு குழம்புற இடத்துல, ஒரு கர்சீப்பை விரிச்சு அதுல போடுன்னா முழிப்பான். ஏற்காடு மலை ஏத்தி ஓடவிட்டா பவுலர் ஆயிடுவான்னு ஒரு குரூப் சுத்துது, காலு வலுக்கும்ங்க, லெங்த் எப்படி வரும்?

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட முக்கியம் சிக்ஸ் வாங்கின அடுத்த பால். ஃபீல்டரைத் திட்டிட்டு கோவத்துல குத்துறானா, இல்ல நின்னு யோசிச்சு ஃபீல்டு மாத்துறானா? மேட்ச் முடிஞ்சதும் "ஏன் தம்பி அந்த பால் அப்படி போட்ட"ன்னு கேளுங்க, காரணம் சொல்ற பையனை விட்றாதீங்க.

14 வயசுலயே மீசை வச்சு வளந்து நிக்கிறவன் சின்னப் பசங்களை அவுட் ஆக்குறது பெரிய விசயமில்ல, பெரியவங்க டீமுக்கு எதிரா இறக்கிப் பாருங்க.

வீடியோல இடுப்பு பேட்ஸ்மேனை நேரா பாத்துட்டு தோள்பட்டை மட்டும் சைடு திரும்புதுன்னா அங்கயே நிறுத்திடுங்க, அந்த முறுக்குல தான் முதுகெலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர்னு சின்ன விரிசல் வருது. கீழ் முதுகு வலிக்குதுன்னு சொன்னா தைலம் தேச்சு மறுபடி போட வைக்காம எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, ட்ரையல்ஸ் அடுத்த வருசமும் வரும்.