ஆங்கிலத்தில் ‘சைட்’ பண்ணுவது எப்படி? புதிதாகப் படிப்பவர்களுக்கு

போன மாதம் வெள்ளவத்தையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். கட்டுரையைத் திருத்தியவர், “ஒன்றையும் சைட் பண்ணவில்லையே” என்று போனில் சொல்லியிருக்கிறார். பிள்ளை இரவிரவாக இருந்து ஒவ்வொரு பந்தியின் அடியிலும் ஓர் இணையத்தள முகவரியை ஒட்டி அனுப்பியிருக்கிறாள். அதுவும் திரும்பி வந்துவிட்டது. “பெரியம்மா, எல்லாத்துக்கும் சைட் போட்டேனே!” என்றாள், கண் கலங்கி. பிழை அவள் காதில் இல்லை, அந்தச் சொல்லில்தான். மேசையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

படி 1: எழுத்தைப் பாருங்கள்

ஒரே ஓசையில் மூன்று சொற்கள். எஸ், ஐ, டீ, ஈ என்று எழுதினால் இடம்; கட்டடம் எழும் இடமும் இணையத்தளமும் இதுதான். எஸ், ஐ, ஜீ, எச், டீ என்றால் பார்வை. சீ, ஐ, டீ, ஈ என்று எழுதுவதுதான் நம்முடைய வினைச்சொல். முதல் எழுத்து சீ என்பதை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

படி 2: ‘காட்டு’ என்று நினையுங்கள்

அகராதியைத் திறந்தால் ‘மேற்கோள்’ என்று இருக்கும். அதோடு நின்றுவிட்டால் பாதிச் சொல்தான் கைக்கு வரும். நான் வகுப்பில் ‘காட்டு’ என்றே சொல்லிக்கொடுப்பேன். ஆதாரம் காட்டு, காரணம் காட்டு, உதாரணம் காட்டு, மேற்கோள் காட்டு. நான்குக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் போதும்.

இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘அழைப்பது’ என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் நீதிமன்றத்துக்கு ஆள் அழைப்பதையே குறித்தது. பிறகுதான் நூலையும் ஆளையும் ஆதாரமாகக் காட்டுவதற்கு வந்தது. நாம் சொல்வதற்குச் சாட்சியாக ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்துகிறோம் என்று எடுத்துக்கொண்டால் பொருள் சரியாகப் பிடிபடும்.

படி 3: ‘குவோட்’ வேறு, ‘சைட்’ வேறு

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. தமிழில் இரண்டையும் மேற்கோள் என்றே சொல்லிவிடுகிறோம். குவோட் என்றால் ஒருவருடைய சொற்களை எழுத்து மாறாமல் எடுத்துப் போடுவது. சைட் என்றால் எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டுவது. சொற்கள் நம்முடையவையாகவே இருக்கலாம்.

“2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல்” என்று எழுதுகிறீர்கள். அறிக்கையில் இருந்து ஒரு வரியும் பெயர்க்கவில்லை, ஆனால் எங்கே போய்ப் பார்க்கலாம் என்று காட்டிவிட்டீர்கள். அந்த ‘மதிப்பீட்டின்படி’ இருக்கிறதே, அதுதான் சைட். தொல்காப்பியத்தில் அடிக்கடி வரும் ‘என்மனார் புலவர்’ என்பதும் இதன் உறவுதான். முன்னோர் இப்படிச் சொல்வர் என்று தொல்காப்பியர் காட்டுகிறார். ஆனால் எந்தப் புலவர் என்று பெயர் சொல்வதில்லை. இன்றைய கட்டுரைக்குப் பெயரும் ஆண்டும் வேண்டும்.

படி 4: காரணம் காட்டுவது

ஆங்கிலப் பத்திரிகையை விரித்தால் கண்ணில் படுவது இந்தப் பயன்பாடுதான். “ஹீ ரிசைன்ட், சைட்டிங் பர்சனல் ரீசன்ஸ்.” தனிப்பட்ட காரணங்களைக் காட்டிப் பதவி விலகினார். நம் செய்தித்தாள்களும் ‘காரணம் காட்டி’ என்றே எழுதும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ‘பிகாஸ் ஆஃப்’ என்று எழுதினால் அதுதான் உண்மைக் காரணம் என்று நிருபரே பொறுப்பேற்கிறார். ‘சைட்டிங்’ என்றால் அவர் சொன்ன காரணம் இது, அவ்வளவுதான். உண்மையா இல்லையா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. செய்தி வாசிக்கும்போது இந்த ஒரு சொல்லைக் கவனித்தால் எவ்வளவோ விளங்கும்.

படி 5: புதுக்கடைப் பக்கம்

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் இடம் புதுக்கடை. அங்குள்ள சட்டத்தரணிகளுக்கு இது அன்றாடச் சொல். ஒரு வழக்கு முன்பு எப்படித் தீர்க்கப்பட்டது என்று காட்டாமல் வாதம் நகராது. “54 என்எல்ஆர் 433” என்று எழுதியிருந்தால், இலங்கை வழக்குத் தீர்ப்புகளின் தொகுப்பான நியூ லோ ரிப்போர்ட்ஸின் 54ஆம் தொகுதி, 433ஆம் பக்கம் என்று பொருள். அந்நாளில் நம் வழக்குகளின் இறுதி மேன்முறையீட்டைக் கேட்ட, லண்டனில் இருக்கும் பிரிவி கவுன்சில் 1953இல் தீர்த்த கோடகன் பிள்ளை வழக்கு அங்கே இருக்கிறது. மலையகத் தமிழரின் வாக்குரிமை பற்றியது. இரண்டு எண்ணும் மூன்று எழுத்தும் சரியான பக்கத்தில் கொண்டுபோய் விடுகின்றன. இந்தக் குறிப்புக்கு ‘சைட்டேஷன்’ என்று பெயர்.

படி 6: ‘சைட்டட் ஃபோர்’

அமெரிக்க ஆங்கிலத்தில் “ஹீ வாஸ் சைட்டட் ஃபோர் ஸ்பீடிங்” என்றால் வேகமாக ஓட்டியதற்குப் பொலிஸார் சீட்டு எழுதினார்கள் என்று பொருள். பழைய ‘அழைப்பாணை’ப் பொருள் இதில் தங்கிவிட்டது. ‘ஃபோர் பிரேவரி’ என்று வந்தால் போரில் காட்டிய வீரத்துக்குப் பாராட்டு. ஃபோர் என்பதற்குப் பின்னால் வருவதைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

படி 7: இலக்கணம்

எதைக் காட்டுகிறோமோ அது சைட் என்ற சொல்லை அடுத்து நேரே வர வேண்டும். ‘சைட் அபவுட்’ என்று எழுதாதீர்கள். தமிழில் ‘பற்றி’ என்று யோசித்து எழுதுவதால் வரும் பிழை அது. ஆதாரமாகவோ உதாரணமாகவோ காட்டினால் ‘ஆஸ்’ சேர்த்துக்கொள்ளலாம்: “ஷீ சைட்டட் த ரிப்போர்ட் ஆஸ் எவிடன்ஸ்.”

அப்புறம், இது எழுத்தில் வாழும் சொல். 100ஆம் இலக்க பஸ்ஸில் சிநேகிதியோடு பேசும்போது ‘மென்ஷன்’ அல்லது ‘கிவ்’ போதும். காய்ச்சலுக்கு லீவு கேட்கும் கடிதத்தில் “ஐ சைட் ஃபீவர்” என்று எழுத வேண்டாம், “ஐ ஹாவ் எ ஃபீவர்” என்றே எழுதுங்கள். உங்கள் காரணத்தை நீங்கள் நேரே சொல்லலாம். சைட் பண்ணினீர்கள் என்று மற்றவர்தான் எழுதுவார்.

படி 8: எழுதிப் பாருங்கள்

தங்கை மகளின் கட்டுரையில் “கொழும்பில் சனம் மிக அதிகம்” என்று ஒரு வரி இருந்தது. முகவரியை அழித்துவிட்டு, யார் எண்ணினார்கள், எந்த ஆண்டு என்று கேட்டேன். குடிசன மதிப்பீட்டைத் தேடி எடுத்து, எண்ணையும் ஆண்டையும் திணைக்களத்தின் பெயரையும் வரிக்குள்ளேயே வைத்தாள். அதே மாதிரி உங்கள் கட்டுரையில் ‘அதிகம்’, ‘பலர்’, ‘எல்லாரும்’ என்று வரும் மூன்று வரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சியைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். யாரும் அகப்படாவிட்டால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.