புதிய நீதிமன்ற வளாகத்துக்கு இ.பி.சி. முறையில் ஒப்பந்தப்புள்ளி அளிப்பது எப்படி?

அளவுப் பட்டியலுக்கு விலை எழுதிப் பழகிய ஒப்பந்ததாரர், வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒன்றாக ஏற்கும் இ.பி.சி. ஒப்பந்தத்தையும் அதே கண்ணோடு படித்தால் இழப்பு அங்கேயே தொடங்கிவிடும். பழைய முறையில் வரைபடமும் அளவும் அரசுத் துறையுடையவை என்பதால், அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் கூடுதலாகப் பிடித்தால் அதை அளந்து பணம் தருவார்கள். இ.பி.சி.யில் துறை தருவது தேவைப் பட்டியலும் தரக் குறிப்புகளும்தான். நாம் சொல்வது ஒரே மொத்தத் தொகை என்பதால் அளவில் நேரும் பிழையின் செலவும் நம் தலையில்தான் விழும். சில ஆவணங்களில் தள அமைப்பு வரைபடங்களைத் துறையே கொடுத்துவிட்டுக் கட்டமைப்பு வடிவமைப்பை மட்டும் நம்மிடம் விடுவதுண்டு. எது யாருடைய பொறுப்பு என்பதை முதல் நாளிலேயே பிரித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய பணிகள் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் 2000ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டவை. 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணிகளுக்கு, ஒப்பந்தப்புள்ளி அளிக்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரப்பட வேண்டும் என்பது விதி. ஒரு நீதிமன்ற வளாகத்தின் முன்வடிவமைப்பைச் செய்து, அதிலிருந்து அளவு எடுத்து, விலையும் போட 30 நாள் போதாது என்பதே உண்மை. ஆகையால் கட்டடக்கலைஞரையும் கட்டமைப்புப் பொறியாளரையும் அறிவிப்பு வருமுன்பே பேசி வைத்திருப்பவரே நிதானமாக விலை சொல்ல முடியும்.

தகுதிப் பகுதியில் நீண்ட விளக்கம் தேவையில்லை. மத்தியப் பொதுப்பணித்துறையின் ஆவணங்களில் வழக்கமாகக் காணப்படுவது, கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டின் 40 விழுக்காடு அளவிலான ஒத்த பணிகள் மூன்று, அல்லது 60 விழுக்காட்டில் இரண்டு, அல்லது 80 விழுக்காட்டில் ஒன்று என்ற நிபந்தனை. ‘ஒத்த பணி’ என்பதற்கு அந்த ஆவணம் தரும் வரையறையைச் சொல்லுக்குச் சொல் படித்து, பணி நிறைவுச் சான்றிதழின் வாசகம் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

நேரம் செலவிட வேண்டிய இடம் வடிவமைப்பு. நீதிமன்றத்தைச் சாதாரண அலுவலகக் கட்டடமாக எண்ணிச் சதுர அடிக் கணக்கில் விலை போடக் கூடாது. நீதிபதிகள் தனி வாயிலில் நுழைந்து தங்கள் அறை வழியாக மேடைக்குச் செல்ல வேண்டும். காவலில் உள்ளவர்கள் வாகனத்திலிருந்து இறங்கிக் காவல் அறை வழியாகக் கூண்டுக்கு வர வேண்டும். வழக்காடிகளும் வழக்கறிஞர்களும் பொதுவழியில் வர வேண்டும். இந்த மூன்று வழிகளும் நீதிமன்ற அறைக்குள்தான் சந்திக்கலாம், அதற்கு முன் எங்கும் குறுக்கிடக் கூடாது என்று தேவைப் பட்டியல் ஒரே வரியில் சொல்லியிருக்கும். அந்த ஒரு வரிக்குள் கூடுதல் மின்தூக்கிகளும் படிக்கட்டுகளும் ஒவ்வொரு தளத்திலும் இரட்டைத் தாழ்வாரங்களும் அடங்கியிருக்கின்றன. போக்சோ சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, சாட்சியம் அளிக்கும் குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரின் பார்வையில் படாதிருக்க வேண்டும். பாதிப்புக்குள்ளாகக்கூடிய சாட்சிகளுக்குத் தனி மையங்கள் அமைக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அப்படியானால் அந்தச் சாட்சிக்கென நான்காவது வழி ஒன்றையும் காத்திருப்பு அறையையும் காணொலி இணைப்பையும் வரைந்த பிறகே விலை போட வேண்டும். ஆவணக் காப்பறையின் தளம் சாதாரண அறையைவிடப் பன்மடங்கு பாரம் தாங்க வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் தூண்களின் அளவே பின்னர் மாறிவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கோரும் அணுகல் வசதியைச் சாய்தளத்தோடு முடித்துவிடாமல், சாட்சிக் கூண்டு வரை சக்கர நாற்காலி செல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

துறை தரும் மண் பரிசோதனை அறிக்கை பெரும்பாலும் ‘தகவலுக்காக மட்டும்’ என்ற குறிப்போடு வரும். அதை நம்பி அஸ்திவாரத்துக்கு விலை சொல்வது சூதாட்டம். சொந்தச் செலவில் இரண்டு மூன்று துளைகளாவது போட்டுப் பார்ப்பது மலிவு. வரைபடத்துக்கு உயர் நீதிமன்றத் தரப்பின் ஒப்புதலும் தேவைப்படும் என்பதால், அதற்கு ஆகும் காலம் யார் கணக்கில் சேரும், ஒப்புதலின்போது கேட்கப்படும் மாற்றங்களுக்குக் கூடுதல் தொகை உண்டா என்ற கேள்விகளை, ஒப்பந்தப்புள்ளி அளிக்குமுன் துறை நடத்தும் விளக்கக் கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். கூட்டத்தில் வாய்மொழியாகக் கிடைக்கும் பதிலுக்கு மதிப்பில்லை. திருத்தக் குறிப்பாக வெளியானால்தான் அது ஒப்பந்தத்தின் பகுதியாகும்.

விலை போடும்போது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தொகைக்குள்ளா வெளியேயா என்பதையும், 1 விழுக்காடு கட்டுமானத் தொழிலாளர் நல வரியையும், கட்டி முடித்த பின் குறைபாடுகளை நாமே நீக்கித் தர வேண்டிய காலத்தின் பராமரிப்புச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணம் மைல்கல் அடிப்படையில், அதாவது குறித்த கட்டம் முடிந்த பிறகே வருவதால், வடிவமைப்புக் காலத்தில் கையிலிருந்து போகும் முதலுக்கான வட்டியும் செலவுதான். விலையை மிகவும் தாழ்த்திச் சொன்னால் கூடுதல் பாதுகாப்புத் தொகை கேட்கும் நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தப்புள்ளியை இணையதளத்தில் பதிவேற்ற மூன்றாம் வகுப்பு மின் கையொப்பம் தேவை. அதன் காலாவதி நாளை ஒரு மாதம் முன்பே சரிபாருங்கள். தகுதி ஆவணங்களும் விலையும் தனித்தனி உறைகளாகக் கேட்கப்படும்போது, தகுதி உறைக்குள் விலை பற்றிய ஒரு எண்கூடத் தவறிப்போய் இடம்பெறக் கூடாது. ஒப்பந்தப்புள்ளியோடு பிணையாகக் கொடுக்கும் முன்வைப்புத் தொகைக்கான வங்கி உத்தரவாதத்தின் வாசகம் ஆவணத்தில் தரப்பட்ட மாதிரியிலிருந்து ஒரு சொல்லும் விலகாமல் இருக்க வேண்டும். கடைசி நாள் மாலையில் இணையதளம் மெதுவாகும் என்பது அனுபவப்பட்டவர்கள் அறிந்தது. முந்தைய நாளே பதிவேற்றி, ஒப்புகைச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தப்புள்ளியை ஏற்கும் உத்தரவில் குறை இருப்பதாகக் கருதினால், உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தேவைப்படும் ஒப்புகைகள், திருத்தக் குறிப்புகள், கேட்ட கேள்விகளின் நகல்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள்.