கடைசி இரண்டு நிமிடம்: அமெரிக்கன் ஃபுட்பாலில் கடிகாரத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி?

அமெரிக்கன் ஃபுட்பால் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் குழம்புகிற இடம் இது. திரையில் இரண்டு நிமிடம்தான் பாக்கி என்று காட்டும், ஆட்டம் முடிய கால் மணி நேரம் ஆகும். இன்னொரு நாள் பார்த்தால் ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும்போதே இரண்டு அணியும் கை குலுக்கிவிட்டுக் கிளம்பத் தயாராக நிற்கும். கடிகாரம் எப்போது ஓடுகிறது, அது ஓடுவது யாருக்கு லாபம் என்று தெரிந்துவிட்டால் இரண்டுமே புரிந்துவிடும்.

பத்து யார்டு முன்னேற நான்கு டவுன் (வாய்ப்பு), எதிரணியின் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் என்.எஃப்.எல். (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) விதிகள், கல்லூரி ஆட்டத்தில் சிலது மாறும்.

படி 1: கடிகாரம் ஓடுகிறதா, நிற்கிறதா?

ஒவ்வொரு பிளே முடிந்ததும் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பந்து வைத்திருப்பவரை மைதானத்துக்குள்ளேயே மடக்கிவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் பிடிபடாமல் கீழே விழுந்தால் நிற்கும். புள்ளி எடுத்தாலோ, பந்து கை மாறினாலோ, டைம்-அவுட் கேட்டாலோ நிற்கும். கோட்டுக்கு வெளியே ஓடினால் மட்டும் கொஞ்சம் சிக்கல்: முதல் பாதியின் கடைசி 2 நிமிடத்திலும் இரண்டாம் பாதியின் கடைசி 5 நிமிடத்திலும் அடுத்த ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவது) வரை நிற்கும், மற்ற நேரத்தில் நடுவர் பந்தை வைத்ததும் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். அதிலும் எதிராளி பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வெளியே கொண்டுபோனால் அது கணக்கில் வராது.

ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாதிக்கு மூன்று டைம்-அவுட். முதல் பாதியில் மிச்சம் வைத்ததை இரண்டாம் பாதிக்கு எடுத்துப்போக முடியாது. இது தவிர ஒவ்வொரு பாதியிலும் 2:00 ஆனதும் ஆட்டம் தானாகவே ஒருமுறை நிற்கும். பின்தங்கிய அணிக்கு அது இலவச டைம்-அவுட் மாதிரி.

படி 2: 40 விநாடிக் கணக்கு

இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு பிளே முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 விநாடி அவகாசம் உண்டு. முன்னிலையில் இருக்கும் அணி அந்த நாற்பதையும் கரைத்துவிட்டுத்தான் பந்தை எடுக்கும். ஆக, ஓடுகிற கடிகாரத்தில் எதிரணி வைத்திருக்கும் ஒவ்வொரு டைம்-அவுட்டின் மதிப்பும் சுமார் 40 விநாடி.

எதிரணியிடம் டைம்-அவுட் இல்லை, உங்களுக்கு முதல் டவுன், 2:00 பாக்கி என்று வைத்துக்கொள்வோம். குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) பந்தை வாங்கி முட்டி போடுகிறார், அதாவது வேண்டுமென்றே தரையில் முட்டியை ஊன்றிப் பிளேயை முடித்துவிடுகிறார், 2 விநாடி போகிறது. 1:58-லிருந்து 40 விநாடி கரைகிறது, 1:18. மறுபடி முட்டி, 1:16, கரைந்து 0:36. மூன்றாவது முட்டி, 0:34. அடுத்த ஸ்னாப் எடுக்கவே தேவையில்லை, ஆட்டம் முடிந்தது. எதிரணியிடம் ஒரு டைம்-அவுட் இருந்தால் இதே வேலையை சுமார் 1:25-லிருந்துதான் செய்ய முடியும், இரண்டு இருந்தால் சுமார் 0:45-லிருந்து. அந்த ஒன்றரை நிமிடக் கை குலுக்கலின் ரகசியம் இவ்வளவுதான்.

முட்டி போடுவது கோழைத்தனம் என்று நினைத்த காலமும் உண்டு. 1978 நவம்பர் 19, நியூயார்க் ஜயண்ட்ஸ் 17-12 என்று முன்னிலை, சில விநாடிகளே பாக்கி. முட்டி போட்டிருந்தால் முடிந்திருக்கும். குவார்ட்டர்பேக் ஜோ பிசார்சிக் பந்தை லாரி சோங்காவிடம் கொடுக்கப் போனார், பந்து நழுவியது, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் அதை அள்ளிக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டுவிட்டார். 19-17, ஈகிள்ஸ் வெற்றி. அதற்குப் பிறகு முட்டி போடுவதைக் கேலி செய்ய யாருக்கும் வாய் வரவில்லை.

படி 3: பின்தங்கியிருக்கும்போது

முதல் வேலை, டைம்-அவுட்டைத் தடுப்பாட்டத்தில் செலவழிப்பது. புதிதாகப் பார்ப்பவர்கள் "நம்ம கைக்குப் பந்து வந்ததும் தேவைப்படுமே, இப்பவே ஏன் வீணாக்குறாங்க?" என்பார்கள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது ஒரு டைம்-அவுட் உங்களுக்கு 40 விநாடி மிச்சப்படுத்தும். உங்களிடம் பந்து வந்துவிட்டால் நீங்களே அவசரமாக வரிசை கட்டி இருபது விநாடிக்குள் அடுத்த பிளேயைத் தொடங்கிவிடலாம், அங்கே அதன் மதிப்பு பாதிதான். ஒரு விதிவிலக்கு: கடிகாரம் 2:06-ல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கேட்காதீர்கள். ஆறு விநாடியில் அதுவே நின்றுவிடும்.

பந்து கைக்கு வந்ததும் கோட்டோரமாகப் பாஸ் போட்டு வெளியே ஓடுவது வழக்கம். தடுப்பவர்களுக்கும் அது தெரியும், அதனால் ஓரத்தை அடைத்துவிட்டு நடுவைத் திறந்து வைப்பார்கள். நடுவில் போய் மாட்டிக்கொண்டால் டைம்-அவுட் வேண்டும், இல்லையென்றால் ஸ்பைக். அதாவது குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் தரையில் அடித்து, ஒரு டவுனைக் கொடுத்துக் கடிகாரத்தை நிறுத்துவது. அதற்குக் குறைந்தது 3 விநாடி பாக்கி இருக்க வேண்டும்.

ஸ்பைக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. நடுவர் பந்தைத் தொட்டு வைத்த பிறகுதான் ஸ்னாப் எடுக்கலாம். 2022 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான ப்ளேஆஃபில் (நாக்-அவுட் சுற்றில்) டல்லஸ் 23-17 என்று பின்தங்கி இருந்தது. 14 விநாடி, டைம்-அவுட் எதுவும் இல்லை. குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் நடுவில் தானே 17 யார்டு ஓடிச் சறுக்கி அமர்ந்தார். பிறகு பந்தை நடுவரிடம் கொடுக்காமல் சென்டரிடம் (ஸ்னாப் கொடுப்பவரிடம்) கொடுத்தார்கள். பின்னாலிருந்து ஓடிவந்த நடுவர் ஆட்களை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்து பந்தை வைப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து நேர்மாறாக ஒன்று நடந்தது. கேன்சஸ் சிட்டிக்கு எதிராக பஃபலோ 36-33 என்று முன்னிலை, 13 விநாடி பாக்கி. பஃபலோ அடித்த கிக்காஃப் (எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுப்பது) நேராக எண்ட் ஸோனுக்கு, அதாவது டச்டவுன் கோட்டுக்கு அப்பால், போய்விட்டதால் ஒரு விநாடிகூடக் கழியவில்லை. தரையோடு உருட்டிவிட்டிருந்தால் நாலைந்து விநாடி போயிருக்கும், எனக்கு இன்றும் புரியாத முடிவு அது. கேன்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் 19 யார்டு பாஸ் போட்டு டைம்-அவுட் கேட்டார், அடுத்து 25 யார்டு, மறுபடி டைம்-அவுட். பாக்கி 3 விநாடி, 49 யார்டு ஃபீல்ட் கோல், சமன். கூடுதல் நேரத்தில் ஜெயித்தும் விட்டார்கள்.

டைம்-அவுட்டைப் பூட்டி வைத்துத் தோற்றதும் உண்டு. 2024 தேங்க்ஸ்கிவிங் அன்று சிகாகோ மூன்று புள்ளி பின்தங்கி இருந்தது. அதன் குவார்ட்டர்பேக்கை எதிரணி மடக்கிவிட்டது, அரை நிமிடம்தான் பாக்கி, கையில் ஒரு டைம்-அவுட். அதைக் கேட்காமலே கடிகாரத்தை ஓட விட்டு, 6 விநாடி இருக்கும்போது அடுத்த ஸ்னாப் எடுத்து, பாஸ் விழுந்து, தோற்றார்கள். மறுநாள் பயிற்சியாளர் எபர்ஃப்ளஸுக்கு வேலை போனது.

அப்புறம், கடைசி 2 நிமிடத்தில் கடிகாரம் ஓடும்போது பந்து வைத்திருக்கும் அணி முன்கூட்டியே அசைந்து தவறு செய்தால், யார்டு தண்டனையோடு 10 விநாடியும் போகும். டைம்-அவுட் இருந்தால் அதைக் கொடுத்து விநாடிகளைக் காப்பாற்றலாம்.

படி 4: முதல் பாதியின் முடிவு

டாஸ் ஜெயித்த அணிகள் பெரும்பாலும் தேர்வைத் தள்ளிப்போட்டு, இரண்டாம் பாதியில் பந்து வாங்குவதையே விரும்பும். இடைவேளைக்கு முன் கடைசியாகப் புள்ளி எடுத்து, இடைவேளை முடிந்ததும் மறுபடி பந்தோடு தொடங்கினால், எதிரணி பந்தைத் தொடாமலே இரண்டு முறை அடி வாங்கும். அதனால்தான் எதிரணிக்கு நேரம் மிஞ்சாதபடி அளந்து அளந்து ஆடுகிறார்கள். பேராசைக்கும் தண்டனை உண்டு: 2009 பிப்ரவரி சூப்பர் பவுலில் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டியில்) அரிசோனா 1 யார்டு தூரத்தில் இருந்து போட்ட பாஸை பிட்ஸ்பர்கின் ஜேம்ஸ் ஹாரிசன் பறித்து, 100 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அவர் ஓடி முடித்தபோது பாதியே முடிந்திருந்தது.

படி 5: புள்ளி எடுக்காமல் இருப்பது

கடைசியாகப் பழக வேண்டியது இது. 2007 டிசம்பரில் ஈகிள்ஸ் டல்லஸை 10-6 என்று முந்தியிருந்தது. பிரையன் வெஸ்ட்புரூக் தடுக்க ஆளில்லாமல் ஓடி, டச்டவுன் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் தானாகவே விழுந்தார். கோட்டைத் தாண்டியிருந்தால் பந்து டல்லஸுக்குப் போயிருக்கும். விழுந்ததால் மூன்று முட்டியில் கதை முடிந்தது.

இதன் மறுபக்கம் 2012 சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து 17-15 என்று முந்தியிருந்தும், ஜயண்ட்ஸ் கோட்டருகே வந்துவிட்டது, நியூ இங்கிலாந்திடம் மீதி ஒரே டைம்-அவுட். சும்மா விட்டால் நேரத்தையெல்லாம் தின்றுவிட்டு எளிய ஃபீல்ட் கோல் அடித்துவிடுவார்கள். எனவே நியூ இங்கிலாந்து வழிவிட்டு நின்றது. அஹ்மத் பிராட்ஷா கோட்டருகில் வந்த பிறகுதான் விஷயம் புரிந்து நிற்கப் பார்த்தார், வேகம் விடவில்லை, திரும்பி உட்கார்ந்தபடியே கோட்டுக்குள் விழுந்தார். நியூ இங்கிலாந்துக்குக் கிடைத்தது 57 விநாடி. அது போதவில்லை, 21-17 என்று தோற்றது. ஆனாலும் அன்று வழிவிட்டது சரியான முடிவுதான்.