ஒரே ஷட்ஜம், நான்கு நிறம்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் ஒரு வீட்டு ஸ்வரம் நான்கு வீட்டுக்குக் கேட்கும். "சுருதியெல்லாம் சரிதான், ஏன் மூக்கால் பாடுகிறாய்?" என்று எதிர்வீட்டு மாமி ஒருநாள் கேட்டார். சுருதி வேறு, சாரீரம் (குரலின் நிறம்) வேறு என்பது அன்றுதான் உறைத்தது.

குரல்வளையில் உள்ள இரண்டு மடிப்புகள் அதிரும் வேகம்தான் சுருதி. ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பெண்கள் பிடிக்கும் ஷட்ஜத்துக்கு, அதாவது "ச" ஸ்வரத்துக்கு, அவை விநாடிக்கு ஏறத்தாழ 196 முறை அதிர்கின்றன. அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம். அதற்கு நிறம் ஏற்றுவது, அங்கிருந்து உதடுவரை நீளும் குழாய். பெரியவர்களுக்குச் சுமார் 14 முதல் 17 செ.மீ. இருக்கும். சுருதியை மாற்றாமல் அந்தக் குழாயை மட்டும் நான்கு விதமாக மாற்றிப் பார்ப்போம்.

முதலில், கைப்பேசியில் சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, சிரமமில்லாத ஷட்ஜத்தில் "ஆ" பாடிப் பதிவு செய்யுங்கள். இனி வரும் ஒவ்வொன்றையும் இப்படியே பதிவு செய்யுங்கள். சுருதியையும் சத்தத்தையும் மாற்றக் கூடாது.

அடுத்தது குரல்வளை. தொண்டையில் விரலை வைத்து எச்சில் விழுங்கினால் அது மேலேறும். கொட்டாவி விடத் தொடங்கினால் இறங்கும். இறங்கிய நிலையிலேயே பாடுங்கள். குழாய் நீள்வதால் குரல் கனத்து ஒலிக்கும். அடிநாக்கை அழுத்தி இறக்காதீர்கள். பானைக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

உதட்டைக் குவித்தால் குரல் மங்கும், விரித்தால் தெளியும். இதற்கு அதிக நேரம் வேண்டாம்.

மூக்குதான் என்னைப் படுத்தியது. "ஆ" பாடிக்கொண்டே மூக்கைப் பொத்துங்கள், பிறகு விடுங்கள். ஒலி மாறினால், அண்ணத்தின் பின்பகுதியான மெல்லண்ணம் தொங்கி, காற்று மூக்குக்குள் ஒழுகுகிறது. கொட்டாவியின் தொடக்கத்தில் அது தானாக உயரும். அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டு மறுபடி சோதியுங்கள். எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. (ஜலதோஷத்தில் "மாமா" என்பது "பாபா" ஆவது நேர்மாறான கதை: அங்கே மூக்குவழி அடைபட்டிருக்கிறது.)

கடைசியாக, வாத்து கத்துவதுபோல் "ஏ" சொல்லிப் பாருங்கள். மடிப்புகளுக்குச் சற்று மேலே குழாய் குறுகும். 3000 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 3000 அதிர்வு) ஒட்டிய ஒலிகள் வலுக்கும். நம் காதுக்குக் கூர்மை அதிகமுள்ள இடம் அது. லோக்கல் ரயிலில் வியாபாரிகளின் குரல் அத்தனை இரைச்சலையும் துளைத்துக்கொண்டு வருகிறதே, அதே வித்தை. இங்கும் மூக்கைப் பொத்திச் சோதியுங்கள். வாத்துக் குரல் மூக்குக்குள் நழுவப் பார்க்கும்.

தொண்டை எரிந்தால் உடனே நிறுத்துங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பதிவுகளை மறுநாள் காலையில் கேளுங்கள். பாடிய கையோடு கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.