மணிக்கு நல்ல வைத்தியர் கிடைத்த விதம்

எங்கள் நாய் மணிக்கு ஈறு வெளுத்து, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனது. டவுனில் ஓரிடத்தில் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பினார்கள். மனசு ஆறவில்லை.

பக்கத்து லயத்து அக்காதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையைச் சொன்னார். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வேனில் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெண் டாக்டர், நடுங்கிய மணிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். முதலில் கையை முகர விட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அப்புறம்தான் காது ஓரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்ணி கடித்து வரும் பபேசியா என்ற கிருமி, சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கிறதாம். சுகமானாலும் திரும்ப வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மருந்தில் மணி தேறிவிட்டது. தினமும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்கிறோம்.

உங்கள் நாய்க்கும் இப்படியென்றால், இரத்தம் பரிசோதிப்பார்களா என்று முதலில் போனில் கேளுங்கள். சிறுநீரைப் படம் எடுத்து வையுங்கள். முன்பு போட்ட ஊசியின் விவரம் எழுதிய துண்டுச் சீட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள், அதே மருந்தை மறுபடி போட்டுவிடக் கூடாது.